டிரைவர் வீட்டம்மா மலைக்குப் போனாள்

வடிவம்மாள் கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். சொதியில் கிடந்த பச்சைமிளகாயையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் விரல் தானாகத் தேடி ஒதுக்கியது. கண் மட்டும் வீட்டுக்காரர் பலவேசத்தின் வாய்மேல் இருந்தது. முந்தின உருண்டை இன்னும் அவருடைய வலது கன்னத்தில் ஒதுங்கி நின்றது. அது இறங்காமல் அடுத்ததைக் கொடுத்தால் புரையேறும். புரையேறினால் நெஞ்சில் சளி கட்டும், சளி கட்டினால் ஆஸ்பத்திரி. அதனால் அவள் அவசரப்படவில்லை. இடது கையால் அவர் தொண்டையை மேலிருந்து கீழாக நீவிவிட்டு, கண்டக்டர் குரலில் சொன்னாள்.

“போலாம் ரைட்!”

பலவேசம் விழுங்கினார்.

இந்த வித்தையை எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை. ஆயுசில் பாதியை அரசு பஸ்ஸின் டிரைவர் சீட்டில் கழித்தவர் அவர். மணிமுத்தாறு அணையைத் தாண்டி, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே மேலே போகிற மலை ரூட். ஞாபகம் போகிற வியாதி வந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனபிறகும் அந்த ‘ரைட்’ மட்டும் உடம்புக்குள் எங்கேயோ தங்கியிருந்தது. ஒருநாள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் முழித்தவரிடம், பொறுமை போய், “வண்டிய எடுங்க, போலாம் ரைட்!” என்று வடிவம்மாள் கத்தினாள். உடனே விழுங்கிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் முறை.

வீடு வண்ணார்பேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வருகிற சந்தில் இருந்தது. பஸ் ஹாரன் கேட்டால் பலவேசம் எழுந்திருக்கப் பார்ப்பார். மகள் பேச்சிக்கனியை டிப்போ கிளார்க் என்று நினைத்து, “லீவு லெட்டர் குடுத்தாச்சும்மா” என்பார். மருமகன் மகாராஜன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வாசலில் நுழைந்தால், “செக்கிங் சார் வந்துட்டாவ” என்று பலவேசம் விறைப்பாக உட்கார்ந்துகொள்வார். மகாராஜனும் பழகிப்போய், “எல்லாம் சரியா இருக்கு, டிரைவர். வண்டிய எடுங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவான்.

வடிவம்மாளை மட்டும் அவருக்குத் தெரியும். காலையில் கண்ணைத் திறந்ததும், “ஏட்டி, வடிவு” என்பார். குளிப்பாட்ட, துணி மாற்ற, ஊட்ட, மூத்திரத்துணி அலச எல்லாவற்றுக்கும் அவள்தான் வேண்டும். வேறு கை பட்டால் உதறிவிடுவார். அவருக்குள் உலகம் முழுவதும் அணைந்துவிட்டது, இந்த ஒரு விளக்கு மட்டும் எரிகிறது. அவளுக்கு அது கஷ்டம்தான், இடுப்பொடிகிற கஷ்டம். ஆனால் அந்தக் கஷ்டத்தில் ஒரு கர்வமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் பிறந்தது பத்தமடை. வயல்வேலைக்குப் போன வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் படுத்துவிட்டாள். அவளை எடுத்துப்போட்டுச் செய்தாள். பிறகு பிள்ளை பெற்றாள், பெண் ஒன்றோடு நின்றது. பலவேசம் ஒருநாள் விட்டு ஒருநாள் மலையிலேயே தங்குகிற டியூட்டி. பஸ் ராத்திரி மேலே நிற்கும், விடிந்து கீழே வரும். ஆகையால் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுக்கு என்று எல்லாம் அவள் பாடு. அவருக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எள்ளுத் துவையல், கருவாட்டுப் பொரியல் என்று கெடாத கறியாக இருக்கும். வாளி மறுநாள் கழுவித் திரும்பி வரும். அந்த மலையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இல்லை, ஆசைப்பட்டதாக ஞாபகமும் இல்லை.

மார்கழி கடைசியில் ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது வடிவம்மாளுக்குத் தலை சுற்றியது. அவரை விடாமல் பிடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் தரையில் கிடப்பதைப் பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா வந்து பார்த்துத்தான் தூக்கிவிட்டாள். டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க விழுந்தா ரெண்டு பேரும் போயிருவீங்கம்மா. ரெண்டு நாளாவது எங்கயாவது போய்ப் படுத்துத் தூங்குங்க” என்றார்.

பேச்சிக்கனி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, பொங்கல் கழிஞ்சு மலைக்குப் போவோம். குதிரைவெட்டி விடுதில ஒம் மருமவன் சொல்லி எடம் வாங்கிட்டாவ. அப்பா ஓட்டின ரூட்ட நீ ஒருநாள் பாத்திருக்கியா?”

“பாத்து என்னத்துக்கு? ஒங்கப்பாவுக்கு யாருட்டி ஊட்டுவா?”

“ஆள் போடுவோம்.”

“ஆள் போடுதாளாம் ஆளு. அவிய ஆளக் கண்டா துப்புவாவ. பட்டினி கெடந்து சாகவா? போட்டி அங்கிட்டு.”

“நீ விழுந்து செத்தா மட்டும் அவிய நல்லா சாப்பிடுவாவளோ?”

பேச்சு முற்றினால் பாத்திரம் தேய்க்கப் போவது வடிவம்மாளின் வழக்கம். போனாள்.

ஆள் வந்தாள். பொன்செல்வி, ஐம்பது வயதுக்காரி, பல வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவிதத்திலேயே வடிவம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவரை எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டதும் படுக்க விடக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஊட்டப்போனால் பலவேசம் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாம்நாள் துப்பினார். மூன்றாம்நாள் கிண்ணம் சுவரில் போய் விழுந்தது.

“எக்கா, என்னால ஆவாது போலிருக்கே” என்றாள் பொன்செல்வி, சேலையிலிருந்து சோற்றைத் தட்டிக்கொண்டே.

வடிவம்மாள் யோசித்தாள். அவருக்குக் கண் பாதிதான் தெரியும். முகத்தைப் பார்த்தா அவர் ஆளைக் கண்டுபிடிக்கிறார்? வாசத்தில், குரலில், வளையல் சத்தத்தில். மாமியார் படுத்துக் கிடந்தபோது ஊரில் ஒரு கன்றுக்குட்டி தாயில்லாமல் நின்றது. அதன்மேல் வேறொரு பசு ஈன்ற கன்றின் ஈரத்தைத் தடவி அந்தப் பசுவிடம் விட்டதைப் பார்த்தவள் அவள். மனுசனும் சில நேரம் அவ்வளவுதான்.

முந்தினநாள் உடுத்தி அவிழ்த்த, இன்னும் துவைக்காத வாயில் சேலையை எடுத்தாள். “இதக் கெட்டு” என்றாள். கையிலிருந்த கண்ணாடி வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றிக் கொடுத்தாள். தன் தலைக்கு வைக்கிற எண்ணெயையே அவள் தலைக்கும் வைத்துவிட்டாள். அடுப்படியில் நின்று கண்டக்டர் குரலையும் பழக்கிக்கொடுத்தாள்.

“போலாம் ரைட்...”

“அப்பிடி இழுக்காதட்டி. பாட்டா படிக்க? வெட்டிச் சொல்லு. பின்படியில கூட்டம் தொங்குது, ஒனக்கு எரிச்சல். அப்பிடிச் சொல்லு.”

“போலாம் ரைட்!”

“ஆங். இப்போ போ.”

அடுப்படிக் கதவிடுக்கு வழியாக வடிவம்மாள் பார்த்தாள். பொன்செல்வி கட்டில் அருகே உட்கார்ந்து வளையலைக் குலுக்கி உருண்டையை நீட்டினாள். பலவேசம் மூக்கைச் சுருக்கி மோந்தார். கொஞ்சம் யோசித்தார். வாயைத் திறந்தார்.

“ரைட்!”

விழுங்கினார். “உப்பு கொறவா இருக்குட்டி, வடிவு” என்றார்.

பொன்செல்வி திரும்பிக் கதவிடுக்கைப் பார்த்துச் சிரித்தாள். வடிவம்மாளும் சிரித்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். மெச்சிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் முள் மாதிரி ஏதோ ஒன்று குத்தியது. வாயு என்று நினைத்து ஒரு பூண்டுப்பல்லை மென்றாள்.

மலையேறுகிற காரில் பேச்சிக்கனி அம்மாவுக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். புதுச்சேலை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், காலில் பூட்ஸ் மாதிரி ஒன்று. “கோமாளி கணக்கா இருக்கேன்” என்று வடிவம்மாள் முனகினாள். மணிமுத்தாறு செக்போஸ்டில் பெயர் எழுதிக்கொண்டு விட்டார்கள். அதன்பிறகு ரோடு என்று சொல்ல முடியாது. கல்லும் குழியுமாக, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தன்னையறியாமல் காலைத் தரையில் ஊன்றி பிரேக் போட்டாள்.

“இதுலயா மாப்ள இவிய பஸ் ஓட்டுனாவ?”

“ஆமா அத்தை. மழையிலயும் ஓட்டியிருக்காவ.”

“வீட்டுக்கு வந்து ‘கை வலிக்கு வடிவு’ம்பாவ. ஒக்காந்து வட்டத்தத் திருப்புததுக்கு என்ன கை வலியாம்னு ஏசியிருக்கேன்.”

மகாராஜன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாலுமுக்கில் காரை நிறுத்தினார்கள். குளிர் கன்னத்தில் ஈரத்துணியால் அறைந்த மாதிரி இருந்தது. தேயிலைத் தோட்ட வேலை நின்றுபோய் ஆட்கள் பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டார்கள். வரிசை வீடுகளில் பலவற்றில் பூட்டு தொங்கியது. மூடுபனி தெருவில் மனிதரைப்போல நடந்து போயிற்று. அவ்வளவு அமைதியை அவள் கேட்டதில்லை. ஹாரன் இல்லை, மிக்சி இல்லை, அவர் கூப்பிடுகிற சத்தம் இல்லை. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்ததால் விரலை விட்டுக் குடைந்துகூடப் பார்த்தாள்.

ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரர் ஹெப்ரான், தலையில் மப்ளர் சுற்றிய கிழவர். பேச்சிக்கனி சும்மா இருக்காமல், “எங்கப்பா இந்த ரூட்ல டிரைவரா இருந்தாவ. பலவேசம்னு பேரு” என்றாள்.

டீ ஆற்றிய கை நின்றது.

“பலவேசம் அண்ணாச்சியா? அப்போ இவிய?”

“எங்கம்மா.”

ஹெப்ரான் டபராவை வைத்துவிட்டு வெளியே வந்து வடிவம்மாளை மேலும் கீழும் பார்த்தார்.

“எள்ளுத் துவையல் வடிவம்மாளா?”

அவளுக்கு விளங்கவில்லை. அவர் உள்ளே பார்த்து மனைவியைக் கூவினார். “ஏளா, இங்க வா! யாரு வந்திருக்கான்னு பாரு! எள்ளுத் துவையல் வந்திருக்கு!”

பிறகுதான் தெரிந்தது. அவள் கட்டிக்கொடுத்த தூக்குவாளியைப் பலவேசம் ஒருநாளும் தனியாகக் காலி செய்ததில்லை. இந்தக் கடை பெஞ்சில் வைத்துத் திறப்பாராம். ஆளுக்கு ஒரு விரல் துவையல். பிரசவமான பெண்களுக்கு வாய்க்கு ருசியாக என்று கருவாட்டுப் பொரியல் போகுமாம். “என் வீட்டுக்காரி கைப்பக்குவம். அரைக்கும்போது ஒரு பிடி வறுத்த உளுந்து சேர்ப்பா” என்று பக்குவத்தையும் சேர்த்துச் சொல்வாராம். “அவ சண்டைக்காரி, ஆனா கை தங்கம்பாரு” என்றார் ஹெப்ரான்.

“சண்டைக்காரின்னா சொன்னாவ?” என்றாள் வடிவம்மாள்.

“அதையும் பெருமையாத்தான் சொல்லுவாரு.”

“மூதி. அதான் வாளி அப்பிடித் தொடச்சு வந்திருக்கு. நான் என்னமோ நல்லாப் பசிக்கும்போல, பத்தலையோன்னு கூடக் கூட வச்சுவிட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெப்ரானின் மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய் நெருப்புப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சூடான தோசை ஒவ்வொன்றாக வந்தது. உட்கார்ந்த இடத்தில், இன்னொருவர் சுட்டுப்போட, ஆறுவதற்குள் தின்பது எப்படி இருக்கும் என்பது வடிவம்மாளுக்கு மறந்தே போயிருந்தது. மிச்சமிருந்த நாலைந்து வீட்டிலிருந்தும் ஆட்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். பிரசவத்தில் கருவாடு தின்றவள் ஒருத்தி, இப்போது அவளே பாட்டி, வந்து கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். வாழ்நாளில் காலடி வைக்காத ஊரில் அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

போன் சிக்னல் கடைக்கு எதிரே உள்ள மேட்டில் மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். ஏறி நின்று பொன்செல்வியைக் கூப்பிட்டாள்.

“சாப்ட்டாவளா?”

“நல்லாச் சாப்ட்டாவக்கா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாவ.”

“துப்பலையே?”

“ஒண்ணுமில்லக்கா. நீங்க நிம்மதியா இருங்க.”

வடிவம்மாள் போனை வைக்கப்போனவள், வைக்காமல் நின்றாள். “என்னையக் கேட்டாவளா?”

“இல்லக்கா. நான்தான் இங்கன இருக்கேன்லா.”

“அதுஞ்சரிதான்” என்றாள் வடிவம்மாள்.

விடுதியில் கம்பளியைப் போர்த்திப் படுத்தவள், சாயங்கால டீக்கு எழுப்பியும் எழவில்லை. மறுநாள் வெயில் முகத்தில் விழுந்தபிறகுதான் கண் திறந்தாள். பயந்துபோய்ப் பக்கத்தில் கையை விட்டுத் துழாவினாள், துணி நனைந்திருக்கிறதா என்று. பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே மறுபடியும் படுத்துக்கொண்டாள். இடுப்பு வலி எங்கேயோ போயிருந்தது. அன்றைக்கே கீழே இறங்குவதாக ஏற்பாடு. பேச்சிக்கனி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு நாள் இருப்போமாட்டி?” என்றாள் வடிவம்மாள், கம்பளிக்குள்ளிருந்து.

கேட்டது அவள்தான். மகள் கேட்கவில்லை, மருமகன் கேட்கவில்லை. கடை மேட்டில் நின்று கூப்பிட்டுக் கேட்டதற்குப் பொன்செல்வியும், “இருங்கக்கா, இங்கன ஒரு கொறவும் இல்ல” என்றுவிட்டாள்.

அந்த இன்னொரு நாளும் நல்ல நாளாகவே இருந்தது. காலில் ஏறின அட்டையை உப்புப் போட்டு உதிர்த்தார்கள். தூரத்தில் காட்டுமாடு மேய்ந்ததைப் பார்த்தாள். பஸ் ராத்திரி நிற்கிற இடத்தை ஹெப்ரான் காட்டினார். எந்த வளைவில் பலவேசம் ஹாரன் அடித்தால் பிள்ளைகள் ஓடிவரும் என்றும் சொன்னார். ஒவ்வொன்றையும் வடிவம்மாள் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். போய்ச் சொல்ல வேண்டும். மலைப் பேச்சு என்றால் அவருக்கு உள்ளே ஏதாவது அசையலாம். ‘ஏன் மூதி, துவையல ஊருக்கெல்லாம் பங்கு வச்சுட்டு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?’ என்று கேட்க வேண்டும். இறங்குகிற வழி முழுக்க அந்தக் கேள்வியை நாக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பொன்செல்வி வடிவம்மாளின் சேலையில், கட்டிலருகே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, வந்துட்டேன்” என்றாள் வடிவம்மாள்.

பலவேசம் நிமிர்ந்து பார்த்தார். கால்களை மடக்கி வழிவிட்டார்.

“ஏறுங்கம்மா. உள்ள எடம் இருக்கு. படியில நிக்காதீங்க.”

விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். அருகே போய் உட்கார்ந்தாள். “நாலுமுக்குப் போயிட்டு வாரேன். ஹெப்ரான் கேட்டாரு உங்கள.”

“ஹெப்ரான் கடையா?” அவர் முகம் மலர்ந்தது. “நீங்க நாலுமுக்கா? சொல்லலையே. டிக்கெட்டு கண்டக்டர்ட்ட வாங்கிக்கிடுங்க.” பொன்செல்வி பக்கம் கையைக் காட்டினார். “இது என் வீட்டுக்காரி. ஏட்டி, வடிவு, அம்மா மலையிலருந்து வந்திருக்காவ. காப்பி குடு.”

பொன்செல்வி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

வடிவம்மாள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். ஸ்வெட்டரில் கரிப்புகையும் யூகலிப்டஸ் வாசமும் அடிக்கிறது, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். தலைக்கு ஊற்றினாள். பழைய சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். அது துவைத்து மடித்திருந்தது, சோப்பு வாசம்தான் வந்தது. எண்ணெயைத் தடவிக்கொண்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், தன் சொந்தக் குரலில், தானே கண்டுபிடித்த வார்த்தையைச் சொன்னாள்.

“போலாம் ரைட்!”

அவர் வாயை இறுக்கிக்கொண்டார். உருண்டையை நீட்டின கையைத் தட்டவில்லை, துப்பவில்லை. மரியாதையாக முகத்தை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. தப்பா நெனைக்காதீங்க. வீட்டுக்காரி இருக்கையில நீங்க ஊட்டுதது சரியில்ல. அவ பாத்தா சத்தம் போடுவா.”

கட்டியவளுக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று அவர் உறுதியாக இருந்தார். அந்த உறுதியை எதிர்த்து என்ன பேச முடியும்? வடிவம்மாள் உருண்டையைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள்.

பொன்செல்வி அழுதுகொண்டே வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். “எக்கா, சத்தியமா நான் ஒண்ணும்...”

“கழத்தாத” என்றாள் வடிவம்மாள். “சோறு ஆறுது. பசியோட படுக்கப்படாது. வந்து ஊட்டு.”

“எக்கா...”

“ஊட்டுன்னு சொல்லுதேன்லா.”

பொன்செல்வி ஊட்டினாள். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வடிவம்மாள் நின்று, ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது.

அடுப்படியில் பேச்சிக்கனி தேம்பினாள். “எல்லாம் என்னாலதாம்மா.”

“ஒன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. வியாதி. அது படி படியாத்தான் எறங்கும்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாரு.”

வியாதி என்பது நிஜம். அவள் இந்த வீட்டைவிட்டு நகராமல் இருந்திருந்தாலும் ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்து, “யாரு நீங்க?” என்று அவர் கேட்டிருக்கலாம். அடுத்த வருஷமோ, அடுத்த வாரமோ. இப்படி எத்தனையோ வீட்டில் நடக்கிறது. எதனால் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. இதெல்லாம் வடிவம்மாளுக்குத் தெரியும். மகளிடம் சொல்லவும் முடிந்தது. தனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் முடியவில்லை. சேலையை எடுத்து, ‘இதக் கெட்டு’ என்று கொடுத்த கை அவளுடைய கைதான். கம்பளிக்குள்ளிருந்து, ‘இன்னொரு நாள்’ என்று கேட்ட வாயும் அவளுடைய வாய்தான்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் பாய் விரித்தபோது, “அம்மா, லேடீஸ் முன்னால படுத்துக்கிடுங்க” என்று முன்னறையைக் காட்டினார். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

மறுநாள் காலை வடிவம்மாள் வழக்கமான நேரத்துக்கு எழுந்தாள். உள்ளேயிருந்து, “ஏட்டி, வடிவு” என்று கூப்பிடும் குரல் கேட்டது. அவள் கால் இரண்டடி வைத்துவிட்டு நின்றது. பொன்செல்வி எழுந்து போகிற சத்தம் கேட்டது. வடிவம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

டீ குடிக்கும்போது பொன்செல்வியிடம் பேசி முடித்தாள். அவளுக்கு வேறு வீடுகள் இருந்தன. அவற்றைத் தங்கை பார்த்துக்கொள்வாள் என்றாகி, இங்கேயே இருக்கச் சம்மதித்தாள். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவள் பொறுப்பு. சமையல், துணி, மருந்து, மற்ற எல்லாம் வடிவம்மாள். “என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்னன்னு கேளு. முழிக்காத” என்றாள். பொன்செல்வி தலையாட்டினாள்.

பிறகு வடிவம்மாள் கண்ணில் பட்டது பலவேசத்தின் தாடி. மூன்று நாள் முளைத்து வெள்ளையாகக் குத்திக்கொண்டு நின்றது.

“வழிச்சுவிடலையாட்டி?”

“பிளேடுன்னா எனக்குப் பயம்க்கா. ஆடிட்டாவன்னா?”

வடிவம்மாள் வெந்நீரும் சோப்பும் ரேசரும் எடுத்துக்கொண்டாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார், ரேசரைப் பார்த்தார். வேலைக்கு வந்த ஆள் என்று விளங்கியது. முகத்தைத் தூக்கிக் காட்டினார். சவரம் செய்கிறவர் யாராக இருந்தால் என்ன? அதில் வீட்டுக்காரி கோபப்பட ஒன்றுமில்லை.

அவள் சோப்பை நுரைத்துத் தடவினாள். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து மேலிருந்து கீழே வழித்தாள். எலும்பும் குழியும் அவளுக்குத் தெரிந்த எலும்பும் குழியும்தான். தாடையில் அம்மைத் தழும்பு இருக்கும் இடத்தில் பிளேடைப் பைய நகர்த்தினாள்.

“நல்ல கை” என்றார் பலவேசம். “வலிக்கவே இல்ல. ஒங்களுக்கு வீட்டுக்காரரு இருக்காராம்மா?”

“இருக்காவ.”

“என்ன செய்யுதாரு?”

“டிரைவரு.”

“அப்பிடியா? எந்த ரூட்டு?”

“மலை ரூட்டு.”

அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. நுரை ஒட்டிய முகத்தோடு அவள் பக்கம் சாய்ந்தார். “மலை ரூட்டா? அப்போ எனக்குத் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு. பேரென்ன?”

வடிவம்மாள் ரேசரை வெந்நீரில் முக்கி உதறினாள். அவர் மோவாயைப் பிடித்து நேராக நிறுத்தினாள்.

“பேசாதீங்க. மேலுதட்டுக்கு வந்துட்டேன், வெட்டிரும்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் மூக்கின் கீழே இருந்து மெல்ல வழித்து இறக்கினாள்.